கருமமா? கருவா?

தோல் வியாதி எதுவானாலும் நம் மக்களுக்கு இரண்டு காரணங்கள் தயாராயிருக்கும். ஒன்று முன் ஜென்ம பாபம்; மற்றொன்று தாய் வயிற்றின் தோஷம். இவை எவ்வளவு புரட்டு என்பதற்கு "டாரியர் வியாதி" என்கிற ஓர் அபூர்வப் பரம்பரை நோயே போதும்.

1889-ல் பாரிஸில் டாரியர் என்பவரும், அமெரிக்காவில் ஒயிட் என்பவரும் தனித்தனியே இதை விவரித்தார்கள். மார்பிலும் முதுகிலும் பழுப்பான சொரசொரப்புப் பருக்கள் எழும்பிப் பொருக்குக் கட்டும், வெயிலிலும் வேர்வையிலும் அதிகமாகும், துர்நாற்றமும் வீசக்கூடும். ஒட்டுவாரொட்டி அன்று. ஆயினும் ஒதுக்கி வைக்க நம்மவர்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

நிற்க, இதில் விசித்திரமான ஒரு வகை உண்டு. உடலின் ஒரு பக்கத்தில் மாத்திரம் பட்டை பட்டையாக ஓடும். பெரும்பாலும் குடும்பத்தில் வேறு யாருக்கும் இராது. பார்த்தவுடன் "அக்கி" என்று காவி குழைத்து எழுதிவிடுவார்கள். டாக்டர்களும் ஏமாறுவதுண்டு. அக்கியோ நரம்பின் வழியே படர்ந்து, எரிந்து, சில வாரங்களில் தானே ஆறிவிடும். (அந்தப் பெருமையைக் காவி வாங்கிக் கொள்ளுகிறது!) டாரியர் பட்டை வருஷக் கணக்கில் நிற்கும். கருவில் தோல் வளர்ந்த வழியே அது ஓடுகிறது. அவ்வழிகளை 1901-ல் பெர்லின் தோல் வைத்தியர் பிளாஷ்கோ படம் வரைந்து காட்டினார்.

நகத்தில் வெள்ளையும் சிவப்புமான நெடுங்கோடுகள் உண்டா என்று பார்க்க வேண்டும். பட்டையில் ஒரு சிறு துண்டெடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், அணுக்கள் ஒன்றைவிட்டொன்று பிரிந்து, சில காலத்துக்கு முன்பே உருண்டு கெட்டிப்பட்டிருப்பது தெரியும். டாரியரே முதலில் அவற்றைக் கிருமிகள் என்றுதான் எண்ணினார். ஆராய்ச்சி அதைத் திருத்திற்று. சாஸ்திரமாயிருந்தால் திருத்த விட்டிருப்பார்களா?

1999-ல் மூலம் அகப்பட்டது. அணுவுக்குள் கால்சியத்தைச் சேமிக்கும் பம்பை உண்டாக்குகிற ஜீனில் பழுது. மறுவருஷம், பட்டை வகைக்காரர் சிலருக்குப் பட்டைத் தோலில் அப்பழுது இருக்க, பக்கத்து நல்ல தோலில் இல்லையென்று காட்டினார்கள். அதாவது தாயும் தகப்பனும் கொடுக்காமல், கரு உண்டான பிறகு ஓர் அணுவில் நேர்ந்த பழுது. முன் ஜென்ம பாபமென்போரே, வலது விலாவுக்கு மாத்திரமா பாபம்?

ஆனால் அலட்சியமும் கூடாது. அப்பழுது கரு உண்டாக்கும் அணுக்களிலும் சேர்ந்திருந்தால், பிள்ளைக்கு உடம்பு முழுதும் வியாதி வரலாம். இரத்தத்தை மாத்திரம் சோதித்தால் தப்பிப்போகவும் கூடும். ஆதலால் பத்துப் பொருத்தம் பார்க்கிற பெற்றோர், கலியாணத்துக்கு முன் தோல் வைத்தியரிடம் போய், பட்டைத் தோலையே சோதிக்கும்படி கேட்கட்டும்.