மலையில் எபாக்சி தரை: உரிவது பெயிண்ட், காரணம் ஈரம்

நீலகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் பேக்கிங் கூடம். தரை முழுக்கப் பளபளக்கும் பச்சை எபாக்சி. போட்டு ஒரு மழைக்காலம்தான் ஆகியிருக்கும். அதற்குள் மலைப்பக்கச் சுவரை ஒட்டித் தரையில் கொப்புளங்கள். டிராலி சக்கரம் ஏறிய இடங்களில் கொப்புளம் உடைந்து, பெயிண்ட் தாள் மாதிரி உரிந்து வருகிறது. “மட்டமான சரக்கை அடிச்சு ஏமாத்திட்டாங்க” என்கிறார் முதலாளி. “சரக்கு நல்ல சரக்குதான் சார், உங்க தரைதான் சரியில்ல” என்கிறார் ஒப்பந்ததாரர். மலைப் பகுதியில் எபாக்சி தரை போட்ட பலருக்கும் இந்தச் சண்டை புதிதல்ல.

பெரும்பாலும் இருவர் சொல்வதிலும் பாதிதான் உண்மை. கான்கிரீட்டுக்குள் இருந்த ஈரத்தையும், வேலை நடந்த நாளின் குளிரையும் இருவருமே அளக்கவில்லை. மலையில் எபாக்சிக்காகச் செலவழிக்கும் முதல் ரூபாய், தரையைச் சோதிக்கத்தான் போக வேண்டும். சோதனையில் தரை தேறவில்லை என்றால், எபாக்சியே வேண்டாம் என்று சொல்லும் துணிவும் வேண்டும்.

எபாக்சி எதற்கு?

வெறும் கான்கிரீட் தரை தேயத் தேயத் தூசு கிளப்பும். எண்ணெயையும் தண்ணீரையும் உறிஞ்சிக்கொள்ளும். தேயிலைத் தொழிற்சாலை, காய்கறி குடோன், பேக்கரி மாதிரியான இடங்களில் இது உணவுப் பாதுகாப்புப் பிரச்சினை. எபாக்சி பூசினால் இணைப்பில்லாத, கழுவித் துடைக்க எளிதான தரை கிடைக்கிறது.

ஆனால், உணவுத் தொழில் உரிமத்துக்கான 2011-ம் ஆண்டு விதிமுறைகளின் 4-வது அட்டவணை இன்னொன்றையும் சொல்கிறது. தரை, சுவர், கூரை ஆகியவை நல்ல நிலையில், சுத்தம் செய்ய எளிதாக இருக்க வேண்டும். பெயிண்டோ பூச்சோ உரியக் கூடாது. அப்படியானால், ஒழுங்காக ஒட்டாத எபாக்சி வெறும் தரையைவிட மோசம். உரிந்த சில்லு தேயிலைக்குள் விழுந்தால் அதைத் தேடி எடுப்பது யார்?

குளிர் என்ன செய்கிறது?

எபாக்சி சாதாரண பெயிண்ட் போலக் காற்றில் காய்வதில்லை. ரெசின், ஹார்டனர் என்று இரண்டு திரவங்கள் கலந்து, வேதிவினை நடந்துதான் அது இறுகுகிறது. வெப்பம் குறைந்தால் வினையும் மந்தமாகும். தோராயமாக 10 டிகிரி குறைந்தால் இறுகும் நேரம் இரண்டு மடங்காகும். வழக்கமாக விற்கும் எபாக்சிகள் பலவற்றுக்கு 10 டிகிரி செல்சியஸ்தான் கீழ் எல்லை. அதற்குக் கீழே வினை கிட்டத்தட்ட நின்றுபோகும்.

ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவுகளில் உறைபனி விழும் ஊர். கோவையில் மறுநாளே ஆள் நடக்கும் தரை, இங்கே இரண்டு மூன்று நாளானாலும் பிசுபிசுக்கலாம்.

அப்போது நடக்கும் கைவைத்தியங்கள்தான் ஆபத்து. கெட்டியாகிவிட்ட கலவையை இளக்கத் தின்னர் ஊற்றுவார்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கொஞ்சம் கூடுதலாகச் சேர்ப்பார்கள். இரண்டும் தவறு. ரெசினும் ஹார்டனரும் குறிப்பிட்ட விகிதத்தில்தான் வினைபுரியும். மீதமாகும் ஹார்டனர் தரைக்குள்ளேயே தங்கி, அதைப் பலவீனமாக்கும்.

கண்ணுக்குத் தெரியாத பனி

குளிரைவிடப் பெரிய எதிரி ஈரக் காற்று. காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைப் பனிநிலை என்கிறோம். தரையின் வெப்பநிலை பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி அதிகமாக இருக்க வேண்டும் என்பது பூச்சுத் தொழிலில் உலகம் முழுக்க உள்ள விதி.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். கூடத்தில் காற்றின் வெப்பநிலை 15 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம். பனிநிலை ஏறத்தாழ 13.4 டிகிரி. அப்படியானால் தரை 16.4 டிகிரிக்கு மேல் இருந்தாக வேண்டும். ஆனால் இரவெல்லாம் குளிர்ந்த கான்கிரீட், காலையில் காற்றைவிடக் குளிர்ச்சியாக, 13 டிகிரியில் இருக்கும். தொட்டால் காய்ந்த மாதிரிதான் தெரியும். மேலே மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். எபாக்சி அந்தப் படலத்தின் மீதுதான் உட்காரும், கான்கிரீட்டின் மீது அல்ல.

இறுகிக்கொண்டிருக்கும் பூச்சின் மீது ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்தால் இன்னொரு சிக்கல். ஹார்டனரிலுள்ள அமைன் அவற்றோடு வினைபுரிந்து, மேலே மெழுகு போன்ற படலம் உருவாகும். தொழிலில் இதை ‘அமைன் பிளஷ்’ என்பார்கள். அதைக் கழுவாமல் அடுத்த கோட்டு அடித்தால், இரண்டு கோட்டுகளும் ஒன்றோடொன்று ஒட்டாது.

அடுப்பு மூட்டினால் தீருமா?

“கூடத்தைச் சூடாக்கிட்டா போச்சு” என்று கரி அடுப்பு மூட்டுவதும், கேஸ் ஹீட்டர் வைப்பதும் உண்டு. எரியும் கேஸ் வெளியிடுவது கரியமில வாயுவும் நீராவியும். கரியும் கரியமில வாயுவைத்தான் கூட்டும். பிளஷ் உருவாக என்ன வேண்டுமோ அதையே கூடத்துக்குள் கொண்டுவருகிறார்கள். அதோடு, மூடிய இடத்தில் கரி எரித்தால் வரும் கார்பன் மோனாக்சைடு வேலையாட்களின் உயிருக்கே ஆபத்து. சூடாக்கியே தீர வேண்டும் என்றால் மின்சார ஹீட்டர், அல்லது புகையை வெளியே தள்ளும் ஹீட்டர். காற்றை மட்டும் சூடாக்கினால் போதாது, தரை சூடேறும் வரை காத்திருக்க வேண்டும்.

கீழிருந்து வரும் தண்ணீர்

மலைக் கட்டடங்களுக்கே உரிய சிக்கல் இது. சரிவை வெட்டி, மண் கொட்டிச் சமன்செய்த இடத்தில்தான் பெரும்பாலான கட்டடங்கள் நிற்கின்றன. மேல்பக்கச் சரிவில் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கி, தரைக்கு அடியில் வந்து சேரும். பழைய கட்டடங்கள் பலவற்றில் கான்கிரீட்டுக்குக் கீழே ஈரத்தைத் தடுக்கும் பாலித்தீன் விரிப்பு கிடையாது. கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை, குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழை என்று மாறி மாறி மலை நனைகிறது.

வெறும் கான்கிரீட் இந்த ஈரத்தை ஆவியாக மெல்ல வெளியே விட்டுவிடும். மேலே எபாக்சி போட்டால் மூடி போட்ட பானைதான். ஈரம் தேங்கி, ஒட்டுதல் பலவீனமான இடத்தில் பூச்சைத் தள்ளித் தூக்கும். கொப்புளம் மலைப்பக்கச் சுவரோரம் முதலில் வந்தால், சந்தேகப்பட வேண்டியது சரிவிலிருந்து வரும் தண்ணீரைத்தான். அங்கே முதல் சிகிச்சை தரைக்கு அல்ல, சுவருக்குப் பின்னால் இருக்கும் வடிகாலுக்கு.

அளப்பதற்கு என்ன செலவு?

மிக எளிய சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. 45 சென்டிமீட்டர் சதுர பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். தாளின் அடியில் நீர்த்துளியோ, தரையில் கருத்த ஈரத் தடமோ தெரிந்தால் அங்கே எபாக்சி கூடாது. இது ஏஎஸ்டிஎம் டி4263 என்ற தரநிலையில் உள்ள முறை.

ஆனால் தாள் காய்ந்திருந்தால் மட்டும் தரை தேறிவிட்டதாக அர்த்தமில்லை. கான்கிரீட்டில் துளையிட்டு, அதன் தடிமனில் 40 சதவீத ஆழத்தில் சென்சார் வைத்து ஈரப்பதம் பார்ப்பதே நம்பகமான வழி. வந்த எண்ணை, பூச்சுத் தயாரிப்பாளரின் தரவுத்தாளில் உள்ள வரம்போடு ஒப்பிட வேண்டும். புதுத் தரை என்றால் 28 நாள் கணக்கை மட்டும் நம்பக் கூடாது. அது கான்கிரீட் வலுப்பெறும் கணக்கு, காயும் கணக்கு அல்ல.

சோதிக்கச் சொல்பவர் ஏன் தோற்கிறார்?

இவ்வளவு எளிதென்றால் ஏன் செய்வதில்லை? சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒற்றை எண்ணைக் கேட்டு வேலை கொடுக்கும் முறைதான் காரணம். “ஒரு வாரம் டெஸ்ட் பண்ணணும் சார்” என்பவர் விலையிலும் நாளிலும் பின்தங்குகிறார். “நாளைக்கே ஆரம்பிச்சிடலாம்” என்பவருக்கு வேலை கிடைக்கிறது. கொழுந்து வரத்து குறையும் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் முடித்தாக வேண்டும் என்ற அவசரமும் உண்மைதான். உறைபனி குறைந்த பிப்ரவரி பிற்பாதியும் மார்ச்சும்தான் இந்த வேலைக்குத் தோதான காலம். ஆகவே சோதனையை அதற்கு முன்பே, ஜனவரியிலேயே முடித்துவிட வேண்டும்.

தோல்வியின் விலை பணம் மட்டுமல்ல. உரிந்த பூச்சை அகற்றித் தரையை மறுபடி கிரைண்டரால் தேய்க்கும்போது கிளம்பும் சிலிக்கா தூசு, நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும் சிலிக்கோசிஸ் நோயைத் தரக்கூடியது. தினக்கூலிக்கு வந்து, முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு தேய்ப்பவர் அந்த விலையைக் கொடுக்கிறார்.

எபாக்சி வேண்டாத தரை

ஈரம் குறையவே குறையாத தரைக்கு வேறு வழிகள் உள்ளன. சிலிக்கேட் திரவம் ஊற்றிக் கான்கிரீட்டை இறுகச்செய்து மெருகேற்றினால், பளபளப்பு குறைவாக இருக்கும். ஆனால் உரிவதற்கு எதுவும் இல்லை, தரை மூச்சுவிடும். வெந்நீரால் கழுவும் இடங்களுக்கு பாலியூரித்தேன் கான்கிரீட் பொருத்தம். கடுங்குளிரிலும் இறுகும் எம்எம்ஏ வகைப் பூச்சு உண்டு. ஆனால் அதன் நெடி பலமானது. வாசனையை உறிஞ்சும் தேயிலை இருக்கும் கட்டடத்தில் அதை யோசித்துத்தான் போட வேண்டும்.

எபாக்சிதான் என்று முடிவானால், ஒப்பந்தத்தில் மூன்று வரிகள் போதும். சோதனை முடிவு கையில் வராமல் வேலை தொடங்கக் கூடாது. வேலை நடக்கும் ஒவ்வொரு நாளும் தரை வெப்பநிலை, காற்றின் வெப்பநிலை, ஈரப்பதம் மூன்றையும் நோட்டில் எழுதி இருதரப்பும் கையெழுத்திட வேண்டும். 3 டிகிரி விதி பொருந்தாத நாளில் வேலையை நிறுத்தினால், அந்த நாள் கூலியை முதலாளி தர வேண்டும்.

மூன்றாவது வரிதான் முதலாளிகளுக்குக் கசக்கும். ஆனால், பனி இறங்கும் மாலையில் வேலையை நிறுத்தினால் தனக்கு நஷ்டம் என்று தெரிந்த எந்த ஒப்பந்ததாரரும் நிறுத்த மாட்டார். நிறுத்தினாலும் நஷ்டமில்லை என்றால்தான் நோட்டில் உண்மையான எண் ஏறும்.