கல்லுக்கிடங்கும் கடல் பழகிய பிள்ளையும்



மாரி தொடங்கினால் கேணியும் குளமும் நிரம்பும். அவற்றோடு, கல் வெட்டி எடுத்துவிட்டு மூடாமல் விட்ட கிடங்குகளும் நிரம்பும். இம்மாதம் அவற்றைப் பற்றிக் கதைப்போம்.

சரவணையில் ஒரு தாய் கேட்டார்: "கடலிலை நீந்திற பிள்ளையைக் கிடங்குத் தண்ணி என்ன செய்யும் அக்கா?" நியாயமான கேள்விதான். ஆனால் கடல் பழகிய பிள்ளைக்குத்தான் கிடங்கில் ஆபத்துக் கூட. ஏனென்றால் அவன் பயப்பட மாட்டான்.

எங்கள் கரையில் கடல் மெல்ல மெல்ல ஆழமாகும். முழங்கால், இடுப்பு, கழுத்து என்று கால் அறிந்துகொள்ளும். கிடங்கிலோ கல்லை நேராக வெட்டியிருப்பார்கள். முதல் அடியிலேயே தலை தாழும். ஏறி வரப் படி இல்லை. நனைந்த சுண்ணக்கல்லில் பாசி வழுக்கும். உப்புத் தண்ணீர் உடம்பைத் தூக்கித் தரும்; மழைத் தண்ணீர் அந்த அளவுக்குத் தூக்காது. கலங்கிய நீருக்குள் கம்பியோ முள்ளோ கிடந்தாலும் தெரியாது. போரின்போது ஆளில்லாத ஊர்களில் கிணறு, குழிகளுக்குள் வெடிபொருள் கிடந்ததையும் மறக்கவேண்டாம். அப்படி ஏதும் தெரிந்தால் தொடாமல் 119க்கு அறிவியுங்கள்.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கி 1990இல் போரினால் நின்றது. அதற்காகச் சுண்ணக்கல் அகழ்ந்த கிடங்குகள் மிகப் பெரியவை. எங்கள் ஊர்க் கிடங்குகள் சிறியவைதான். ஆனால் ஒரு பிள்ளை தாழ ஓர் ஆள் ஆழம் போதும்.

இங்கிலாந்தில் ஸ்ரோனி கோவ் என்னும் பழைய கருங்கல் கிடங்கில் சுழியோடப் பயிற்றுவிக்கிறார்கள். அங்கே பயிற்சியும் மேற்பார்வையும் உண்டு. இங்கே கிடங்குக்கு வேலிகூட இல்லை. அட்டை, சங்கு குளிக்கச் சிலிண்டர் கட்டி இறங்கும் தம்பிமாருக்கும் ஒன்று சொல்லுங்கள்: கிடங்கில் விழுந்த வாளியையோ மோட்டரையோ எடுக்கத் தனியே இறங்க வேண்டாம். ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் நுரையீரல் கிழியும். நெடுநேரம் ஆழத்தில் நின்றவர் விரைந்து மேலே வந்தால் இரத்தத்தில் குமிழி உண்டாகிக் கை கால் இயங்காமல் போகலாம்.

பிள்ளை விழுந்துவிட்டால், நீந்தத் தெரியாத நீங்கள் பின்னால் குதிக்காதீர்கள். ஒரு வீட்டில் இரண்டு சாவு வேண்டாம். கூக்குரலிட்டு ஆட்களை அழையுங்கள். நிலத்தில் படுத்தபடி தடியை நீட்டுங்கள். சேலையையோ கயிற்றையோ வீசுங்கள். மூடிய வெறுங்கானும் மிதக்கும். வெளியே எடுத்தபின் வயிற்றை அமுக்குவதும் தலைகீழாகச் சுழற்றுவதும் கூடாது. மூச்சு இல்லையென்றால் முதலில் ஐந்து தரம் வாய்வழி ஊதி, பின்பு நெஞ்சை 30 தரம் அமுக்கி இரண்டு தரம் ஊதுங்கள். உதவி வரும்வரை இதை விடாமல் செய்யுங்கள். ஒருவர் 1990க்கு அழைக்கட்டும். மூளை சில நிமிடங்களே தாங்கும். சுழியோடிகள் வந்து சேர்வதற்குள் அந்த நேரம் கடந்துவிடும்.

தகப்பன் இல்லாத வீட்டில், தாய் கூலிக்குப் போன நேரத்தில்தான் பிள்ளை கிடங்கடிக்குப் போகிறது. இதில் தாயைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அக்கம்பக்கத்து ஐந்து வீடு சேர்ந்து, முறைவைத்துப் பிள்ளைகளைப் பாருங்கள். கதியால் நட்டு முள் அடைப்பது இன்றைக்கே செய்யக்கூடியது.

நிரந்தர வேலி கேட்பது உங்கள் உரிமை. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டப்படி கல் அகழ அனுமதிப்பத்திரம் வேண்டும். யார் வெட்டினார்கள், காணி யாருடையது என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் வேலணைப் பிரதேச சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் கடிதம் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள். ஒரு தாய் கேட்டால் "பார்ப்போம்" என்பார்கள். இருபது தாய்மார் கையொப்பமிட்டுக் கேட்டால் வந்து பார்ப்பார்கள்.

போரில் இழந்தது போதும். இந்த மாரியில் ஒரு பிள்ளையையும் இழக்காமல் இருப்போம்.