மீனின் குருதிக்கும் பருவம் உண்டு

ஆற்று நீர் கெட்டிருக்கிறதா என்பதை அறிய, அதில் வாழும் மீனின் குருதியைச் சோதிப்பது இன்று பரவலான ஆய்வு முறை. ஈமோகுளோபின், சிவப்பணு எண்ணிக்கை, வெள்ளையணு விகிதம் ஆகியவற்றை அளந்து, நூல்களில் காணும் 'இயல்பான அளவு' ஒன்றோடு ஒப்பிட்டு முடிவு எழுதிவிடுகின்றனர். சோதனையில் குறையில்லை, அந்த ஒற்றை அளவுகோலில்தான் குறை.

கங்கைச் சமவெளியே இதற்குச் சான்று. தை மாதத்தில் 20 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்கும் ஆற்று நீர், கோடையில் 30 பாகையைக் கடக்கிறது. 20 பாகையில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும்; 30 பாகையில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான். வெப்பம் ஏற ஏற மீனின் தேவை கூடுகிறது. நீரின் இருப்போ குறைகிறது. இந்நெருக்கடியில் பல மீன்களின் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. அது நோயன்று, தகவமைவு. மழைக்காலத்தில் முட்டையிடும் ரோகு, கட்லா போன்ற கெண்டைகளில், சினை முதிரும் மாதங்களில் பெண் மீனின் குருதியில் புரதமும் கால்சியமும் உயர்வதும் அவ்வாறே.

வாழிடமும் எண்களை மாற்றுகிறது. ரோகு செவுளை மட்டுமே நம்பி வாழ்வது. ஆக்சிஜன் குன்றிய குட்டையில் வாழும் விரால், மேலே வந்து காற்றை நேராகச் சுவாசிப்பது. ஒரே இனத்து மீன்கூட ஓடும் பிரம்மபுத்திராவில் ஓர் அளவையும், அதன் கரையோரத்துத் தேங்கிய 'பீல்' ஏரியில் வேறோர் அளவையும் காட்டக்கூடும். வலையில் துடிக்கும் மீனோ, மண்ணீரலில் சேமித்த சிவப்பணுக்களைக் குருதியில் கலந்துவிடுகிறது. பிடிபட்ட பின் கழிந்த நேரமும் முடிவில் நுழைந்துவிடுகிறது.

இது ஆய்வுக்கூடத்துக்குள் முடிந்துபோகும் விவாதமன்று. ஆலைக்குக் கீழே கோடையிலும் மேலே குளிர்காலத்திலும் பிடித்த மீன்களை ஒப்பிட்ட அறிக்கையை, ஆலைத் தரப்பின் வழக்கறிஞர் ஒரே வினாவில் வீழ்த்திவிடுவார், இழப்பு மீனவருக்கே. மறுபுறம், கோடையில் உயர வேண்டிய சிவப்பணு உயராதிருப்பதே நலக்குறைவின் அறிகுறியாகலாம். ஆனால் எண் நூல் வரம்புக்குள் இருப்பதால், அம்மீன் 'நலம்' என்று பதிவாகும்.

ஆகவே ஒவ்வோர் ஆற்றுக்கும், ஒவ்வொரு முதன்மை மீனினத்துக்கும், குறைந்தது ஓராண்டு முழுவதும் மாதந்தோறும் எடுத்த அடிப்படை அளவுகள் தேவை. ஆலைக்கு மேலும் கீழும் ஒரே வாரத்தில், ஒரே இனத்தில், ஒத்த நீளமும் பாலினமும் கொண்ட மீன்களையே ஒப்பிட வேண்டும். நீரின் வெப்பமும் ஆக்சிஜனும், மீனைப் பிடித்த முறையும், குருதி எடுக்கும்வரை கழிந்த நேரமும் அறிக்கையில் இடம்பெற வேண்டும். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. பொறுமையும், ஓராண்டுப் பணிக்கு நிதி வழங்கும் மனமும் போதும். பருவம் குறிக்காத குருதி அறிக்கையை ஏற்பதில்லை என்று ஆய்விதழ்கள் உறுதி கொண்டால், மாற்றம் அங்கிருந்தே தொடங்கும்.