மூன்று நாளில் ஒரு நாட்டுக்குத் தீர்ப்பு

சென்னைக்கு மூன்று நாள் போய்வந்த ஒருவரைப் பிடித்துக் கேட்டுப் பாருங்கள். "அங்கத்தைச் சனம் இப்பிடித்தான்" எண்டு தொடங்குவார். ஓட்டோக்காரர் எல்லாரும் ஏமாத்துவினம், ஒருத்தரும் எங்களை மதிக்காயினம், சாப்பாடு மட்டும் பரவாயில்லை. ஐந்து நிமிசத்தில் ஒரு பெருநகரத்துக்கே தீர்ப்பு முடிந்துவிடும். யாரையும் நக்கலடிக்க இதை எழுதவில்லை. நாங்களும் இதையேதான் செய்தோம். அது பிழை எண்டு சொல்லத்தான் எழுதுகிறோம்.

2024 ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குப் போனோம். நாலு பேர். நாலு பேருக்கும் அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். யாழ்ப்பாணத்தில் இரவு பஸ் ஏறினால் விடியத்தான் கொழும்பு. பலாலியில் பிளேன் ஏறினால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் சென்னை. எங்கட தலைநகரைவிடக் கெதியாகப் போய்ச் சேரக்கூடிய ஊர்தான் எங்களுக்கு வெளிநாடு. தூரத்துக்கும் வெளிநாட்டுக்கும் சம்பந்தமில்லை, எல்லாம் கடவுச்சீட்டு செய்கிற வேலை எண்டது குடிவரவு வரிசையில் நிற்கும்போதுதான் விளங்கியது.

கை வேர்த்தது. விசா சரி, திரும்பும் ரிக்கெட் சரி, தங்கப்போகும் முகவரியை மூன்று தாளில் எழுதி வைத்திருந்தோம். எண்டாலும் நெஞ்சு இடித்தது.

"எதுக்கு வந்திருக்கீங்க?"

"புத்தகம் வாங்க."

அதிகாரி ஒருக்கா நிமிர்ந்து பார்த்தார். "புத்தகம் வாங்கவா?" அவ்வளவுதான். முத்திரை குத்தி விட்டுவிட்டார்.

பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பயத்தை எங்களுக்குத் தந்தது சென்னையும் இல்லை, அதை வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தோம். சின்னனில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓமந்தைச் சோதனைச் சாவடியில் நின்றவர்கள் எங்களில் இருக்கிறோம். சீருடையைக் கண்டவுடன் அடையாள அட்டையைத் தேடிப் பழகிய கை, எந்த நாட்டுக்குப் போனாலும் தேடத்தான் செய்யும்.

அன்றிரவு நாங்கள் அறை பதிந்திருந்த லொட்ஜில், வரவேற்பில் நின்ற பெடியன் எங்கட தமிழைக் கேட்டுவிட்டுச் சிரித்தபடி "கேரளாவா?" என்றான். கடவுச்சீட்டைக் கண்டதும் முகம் மாறியது. "ஃபாரினர்ஸுக்கு ரூம் தர முடியாது சார்."

பையைத் தூக்கிக்கொண்டு றோட்டில் நின்றபடியே தீர்ப்பு எழுதினோம். தொப்புள்கொடி உறவு எண்டு மேடையில் சொல்லுவினம், ஒரு இரவுக்கு ஒரு அறை தரமாட்டினம். வேறு இடம் தேடிப் படுத்த பிறகும் அதையேதான் கதைத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த நாள்தான் விசயம் தெரிந்தது. இந்தியாவில் வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் விடுதி 24 மணித்தியாலத்துக்குள் அப்போது 'படிவம் சி' எனப்பட்ட ஒன்றை நிரப்பி அரசுக்கு அனுப்ப வேணும். அனுப்பாவிட்டால் விடுதிக்கு வில்லங்கம். சின்ன லொட்ஜுகள் பல அந்த வில்லங்கமே வேண்டாமெண்டு வெளிநாட்டவரை எடுப்பதில்லை. ஒரு ஜேர்மன்காரர் போய் நின்றிருந்தாலும் அதே பதில்தான். இரவு வேலைக்கு நின்ற ஒரு பெடியன் தன்ர வேலையைக் காப்பாற்றினான். நாங்கள் அவன் ஒருத்தனை வைத்து ஏழு கோடிப் பேருக்குக் குற்றப்பத்திரிகை எழுதினோம்.

எங்கட வாதம் இவ்வளவுதான். முதல் பார்வை, முன்னால் நிற்கிற முகத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த முகத்துக்குப் பின்னால் நிற்கும் சட்டத்தையும் அரசையும் தப்பவிட்டுவிடும். பயந்துபோயிருப்பவரின் முதல் பார்வை இன்னும் மோசம், அது ஒரு குற்றவாளியைத் தேடிக்கொண்டே இருக்கும்.

'புதிதாகப் போகிறவருக்குத்தானே உள்ளூர்க்காரருக்குத் தெரியாதது தெரியும்?' எண்டு கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் கண்ணில் பட்டதைக் கேள்வியாக வைத்திருக்க வேணும். நாங்கள் அன்றிரவே அதைப் பதிலாக்கிப்போட்டுப் படுத்தோம்.

இதையே மற்றப்பக்கம் திருப்பிப் பாருங்கள். பலாலியில் வந்திறங்கும் பயணி என்ன எழுதுவார்? சின்ன விமான நிலையம், நல்ல அமைதி, பச்சைப்பசேல், சிரிக்கும் சனம். 1990இல் வலிகாமம் வடக்குச் சனம் வீடு வாசலை விட்டு ஓட, அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயமானது. கொஞ்சம் கொஞ்சமாகக் காணி விட்டார்கள், ஆனாலும் ஒரு பகுதி இன்னும் இராணுவத்திடம்தான். அந்த அமைதி அப்படி வந்தது. இது தெரியாமல் எங்கட சிரிப்பைப் புகழ்ந்துவிட்டுப் போகிறவரில் எங்களுக்கு எவ்வளவு கோபம் வருகிறது? அந்தக் கோபம் நியாயமெண்டால், லொட்ஜ் வாசலில் நாங்கள் எழுதிய தீர்ப்பில் என்ன நியாயம்?

எங்களுக்குள் ஒருத்தியின் பெரியம்மா 1990இல் பலாலியை விட்டு ஓடி, படகேறி, கடைசியில் கும்மிடிப்பூண்டி முகாமில் போய் நின்றவர். அவரின் மகன் பிறந்தது அங்கேதான். முகாமுக்குள் வெளியாள் போக அனுமதி வேணும் என்பதால் அண்ணாவே நந்தனத்துக்கு, கண்காட்சிக்கு வந்தார். சென்னைத் தமிழ்தான் கதைக்கிறார். இலங்கையைக் கண்டதேயில்லை. ஆனால் 1987 ஜூலைக்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவர் குடிமகனாக, தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்க வேணும். 2019இல் திருத்திய குடியுரிமைச் சட்டமும் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் என்ற மூன்று நாட்டை மட்டும் சொல்லி, எங்கட நாட்டை விட்டுவிட்டது. ஒரு எல்லையும் தாண்டாமலே அவர் வெளிநாட்டவர்.

நாங்கள் எங்கட லொட்ஜ் கதையைச் சொன்னோம். அண்ணா சிரித்தார். பிறகு கேட்டார்: "பலாலில வந்து இறங்கினா என்னைய என்ன கேப்பாங்க? அம்மாவோட வீட்டைப் பாக்க விடுவாங்களா?"

பிளேன் எழும்பும்போது நாங்கள் யன்னலால் படம் எடுத்த நிலம் அது. அவருக்குச் சொல்ல எங்களிடம் ஒரு பதிலும் இருக்கவில்லை. குடிவரவு வரிசையில் எங்களுக்குக் கை வேர்த்தது பத்து நிமிசம். அண்ணாவுக்கு அந்த வரிசை பிறந்த நாளிலிருந்து முடியவில்லை.

அதனால் போங்கோ, பயந்து பயந்தெண்டாலும் போங்கோ. திரும்பி வந்து அங்கத்தைச் சனம் எப்படி எண்டு எங்களுக்குச் சொல்ல வேண்டாம். உங்களிடம் என்ன கடதாசி கேட்டார்கள், ஏன் கேட்டார்கள், அந்தக் கடதாசி இல்லாத ஆள் எங்கே நிற்கிறார் எண்டு விசாரித்து எழுதுங்கோ. அதை வாசிக்கிறோம்.