எட்டு வாட் கணக்கும் சுட்ட கையும்

முன்னெச்சரிக்கை: கொஞ்சம் டெக்னிக்கல் பதிவு. மொக்கை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும் :-)

பவர் சப்ளை டிசைன் பண்றவங்களுக்கு ஒரு ஃபார்முலா மனப்பாடம். மாஸ்ஃபெட் ஆன், ஆஃப் ஆகிற அந்தக் கண நேரத்துல வோல்டேஜும் கரண்ட்டும் சேர்ந்தே இருக்கும். அந்த முக்கோணத்தோட பரப்புதான் ஸ்விட்சிங் லாஸ். 400 வோல்ட், 10 ஆம்பியர், ரெண்டு மாற்றத்துக்கும் சேர்த்து 40 நானோ செகண்ட், 100 கிலோஹெர்ட்ஸ். எல்லாத்தையும் பெருக்கிப் பாதியாக்கினா 8 வாட். வேலை முடிஞ்சுது!

முடியலைங்க. அதை நம்பி ஒரு பூஸ்ட் கன்வெர்ட்டருக்கு சின்னதா ஹீட்சிங்க் போட்டேன். தொட்டுப் பார்த்ததுல விரல் சுட்டது. அரை மணி நேரத்துல 'டப்'.

நான் விட்டது டயோடை. மாஸ்ஃபெட் ஆன் ஆகும்போது டயோடு உடனே அணைஞ்சுடாது. அதுல தேங்கின சார்ஜ் வெளியேறணும். 100 நானோ கூலூம்னு வைங்க. 400 வோல்ட்டால பெருக்கினா 40 மைக்ரோ ஜூல். செகண்டுக்கு ஒரு லட்சம் தடவை, ஆக 4 வாட். அதுல பெரும்பகுதி மாஸ்ஃபெட் தலையிலதான் விடியும். சூடு ஏற ஏற அந்த சார்ஜும் கூடும். டேட்டாஷீட்ல 25 டிகிரிக்குப் போட்டிருக்கிற எண்ணை எடுத்தா அம்பேல்.

அடுத்த திருடன் சோர்ஸ் கால். அதுல 5 நானோ ஹென்றி இருந்து, கரண்ட் மைக்ரோ செகண்டுக்கு 500 ஆம்பியர் வேகத்துல ஏறினா, 2.5 வோல்ட் கேட் டிரைவ்லேர்ந்து காணாமப் போகும். 12 வோல்ட் டிரைவ்ல, 6 வோல்ட் பிளாட்டோ போக மிச்சம் இருக்கிறதே 6 வோல்ட்தான். அப்புறம் அந்த 40 நானோ செகண்ட் எங்கே 40-ஆ இருக்கும்?

"அதான் சிமுலேஷன் இருக்கே"ன்னு நண்பர்கள் சொல்றாங்க. இருக்கு. ஆனா நாம சொல்லாத இண்டக்டன்ஸ் அதுக்குத் தெரியாது. ஐடியல் டயோடைப் போட்டா ஐடியல் பதில்தான் வரும்.

என் கட்சி இதுதான்: ஃபார்முலா பார்ட் தேர்ந்தெடுக்க மட்டும். ஹீட்சிங்க்கை முடிவு பண்ண, நம்ம போர்டுலயே, சூடான நிலையில டபுள் பல்ஸ் டெஸ்ட் பண்ணணும். முதல் பல்ஸ் முடியும்போது ஆஃப் லாஸ், ரெண்டாவது தொடங்கும்போது ஆன் லாஸ் கிடைச்சுடும். மாடலை அந்த எண்ணுக்கு ஒத்துவர்ற மாதிரி திருத்தணும்.

அதுலயும் ஒரு வில்லங்கம். வோல்டேஜ், கரண்ட் புரோப் ரெண்டுக்கும் நடுவுல 2 நானோ செகண்ட் பிசகினா, 4 கிலோவாட் உச்சத்துல 8 மைக்ரோ ஜூல் தப்பாகும். 100 கிலோஹெர்ட்ஸ்ல அது 0.8 வாட், 1 மெகாஹெர்ட்ஸ்ல 8 வாட்! காலியம் நைட்ரைடு பக்கம் போறவங்க முதல்ல புரோப்பைச் சரி பண்ணுங்க.

அளக்காத வாட்டை விரல் அளந்துடும். மாற்றுக்கருத்து இருந்தா பின்னூட்டத்துல வாங்க, பேசுவோம்.