உடலுக்குள் ஒரு விளக்கு

ஒளி பட்டதும் வேலை செய்யும் மருந்தால் புற்றணுவை அழிக்கும் முறை பழையது. தோலுக்குள் சில மில்லிமீட்டருக்கு அப்பால் ஒளி செல்லாதே, ஈரல் கட்டிக்கு என் செய்வது? விளக்கையே உள்ளே வைத்துப் பார்த்தனர், 2018-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தார்! எடை 30 மில்லிகிராம். வெளியிலிருந்து வானொலி அலை மின்சாரம் ஊட்டும். விலங்குகளிடம் கண்ட வெற்றிதான், ஆயினும் வரவேற்கிறோம்.

ஆனால், அரக்கோணத்துத் தொழிலாளியின் ஈரலில் கட்டி இருப்பதை யார் கண்டு சொல்வது? இராணிப்பேட்டை மாவட்டத்தில் 2023-இல் கழக அரசு தொடங்கிய பரிசோதனை வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுகளுக்கானது. நல்ல காரியம்; வாழ்த்தினோம். ஈரலும் கணையமுமோ உள்ளே ஒளிந்திருப்பவை. வலி முற்றிக் காட்பாடிக்கு ரயில் ஏறும்போது காலம் கடந்துவிடுகிறது. விளக்கு வந்த பிறகா கட்டியைத் தேடுவது? ஈரல் கெட்டவர்களுக்கேனும் ஆறு மாதத்துக்கொரு முறை ஸ்கேன், அரக்கோணம் அரசு மருத்துவமனையிலேயே, காசில்லாமல் நடக்க வேண்டும். அதற்கான தொகையை வரும் நிதிநிலை அறிக்கையிலேயே கேட்கிறோம்.