வண்டிக்கு அடியில் ஒரு பார்வை

கேப் டவுனை ஒட்டிய சைமன்ஸ் டவுனில், பௌல்டர்ஸ் கடற்கரை வாகன நிறுத்தத்தில் ஓர் அறிவிப்புப் பலகை உண்டு: வண்டியை எடுக்கும் முன் அடியில் பென்குயின் இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் படத்தில் பார்த்ததிலிருந்து, தினமும் அப்படிக் குனியும் அந்த ஊர்க்காரர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை. 1980களின் தொடக்கத்தில் ஓரிரு ஜோடிகளாக வந்து குடியேறிய பறவைகள் இன்று வீட்டுத் தோட்டம் வரை வந்து கூடு கட்டுகின்றன. இரையான மத்தியும் நெத்திலியும் குறைந்துபோக, இந்தப் பென்குயின்கள் 2024இல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டன. அந்த மீன்களைப் பிடிக்கத் தடை போடுவது அரசும் நீதிமன்றமும் பார்க்க வேண்டிய காரியம்; நாயைக் கட்டிவைப்பது அப்படியல்ல. 2022இல் அவிழ்ந்து திரிந்த இரண்டு ஹஸ்கி நாய்கள் 19 பென்குயின்களைக் கொன்றுபோட்டன. வீட்டுக் கதவைச் சாத்தியிருந்தால் அத்தனையும் பிழைத்திருக்கும் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. தாயும் தகப்பனும் முறைவைத்து இரை தேடுவதால், ஒன்று செத்தால் குஞ்சும் பட்டினிதான். இறகு உதிர்க்கும் மூன்று வாரமும் பென்குயின் கடலில் இறங்க முடியாமல், வெறும் வயிற்றோடு புதரோரம் நிற்கும். நோய் என்று நினைத்து யாரும் தூக்கிவிடக் கூடாது. அடிபட்டது என்றால் சான்காப் மீட்பு அமைப்பை அழைத்துவிட்டு, அவர்கள் வரும்வரை ஆளும் நாயும் நெருங்காமல் காவல் நிற்கலாம்.